ஒட்டிக்கிடந்த மூன்றாம் பக்கம்

மரபணுக் கட்டுரைப் போட்டிக்கு வருஷாவருஷம் நடுவராக வரும் பேராசிரியர் திருவேங்கடம், பள்ளிக்கூடத்தின் பெயரைப் பார்த்தே மார்க் போடுகிறவர் என்று மாவட்டம் முழுக்கப் பேச்சு. அரசுப் பள்ளி செல்வக்கனியின் கட்டுரையை அவர் மேடையில் தூக்கிக் காட்டினார்.

"வரி விடாமல் படித்தேன். குப்பை! கண்ணுக்கும் நகத்துக்கும் ஒரே மரபணுக்கள்தானாம். அப்படியானால் நகம் ஏன் பார்க்கவில்லை? ஒரே வாக்கியத்தில் சொல். இல்லையென்றால் போட்டியிலேயே நீ இல்லை."

செல்வக்கனி எழுந்தாள். "மூணாம் பக்கத்துலயே எழுதியிருக்கேங்கய்யா. கொஞ்சம் சத்தமா வாசிங்க."

புரட்டினார். ஒன்றாம் பக்கத்துக்கு அடுத்து நான்குதான் வந்தது. நடுவில் இரண்டும் மூன்றும் முகத்தோடு முகம் ஒட்டிக் கிடந்தன.

"ஹாஸ்டல் சோத்துப் பருக்கை வச்சு நாந்தாங்கய்யா ஒட்டினேன்" என்றாள். "நீங்க பிரிக்காத இந்தப் பக்கம் மாதிரிதான், கண்ணுக்கான மரபணு நகத்துக்குள்ள இருந்தும் வாசிக்க ஆளில்லாம மூடிக்கிடக்கு."

அரங்கம் கைதட்டி ஓய வெகுநேரமானது. பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தை நகத்தால் கீறிப் பிரித்தார். பிறகு போட்டிக்கு வந்திருந்த நாற்பது கட்டுரைகளையும் அங்கேயே படித்தார்.

முதல் பரிசு செல்வக்கனிக்குத்தான். இந்தத் தடவை படித்துவிட்டுக் கொடுத்தார்.