நாரையாரின் கால் கணக்கு

ஏரிக்கரையில் நெடுங்காலர் என்ற நாரை ஒரு விடுதிப் பள்ளி நடத்தி வந்தார். இருபது குஞ்சுகள் அங்கேயே தங்கிப் படித்தன. காலையில் எல்லாரும் ஒற்றைக் காலில் வரிசையாக நிற்க வேண்டும். நெடுங்காலர் கால்களை எண்ணுவார். "தலைகள் ஆடும், கால்கள் ஆடா" என்பது அவர் வாதம்.

முக்குளிப்பான் குஞ்சு குமிழிக்குக் கால்கள் வாலோரம் முளைத்திருந்தன. ஒன்றைத் தூக்கினால் குப்புற விழுந்தாள். அதனால் தினமும் இருபத்தொரு கால்கள். கணக்குச் சரியாகாத நாளில் யாருக்கும் காலை இரை கிடையாது.

"உன்னால்தான் எங்கள் வயிறு காய்கிறது. ஒரு காலை ஒளித்து வைத்துக்கொண்டால்தான் என்ன?" என்றது கொக்குக் குஞ்சு.

"எங்கே ஒளிப்பது? உன் வாயிலா?" என்றாள் குமிழி. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது அவளுக்கு.

ஒருநாள் நெடுங்காலர் எண்ணி முடித்ததும் முகம் மலர்ந்தார். "இருபது! இன்றைக்குத்தான் பள்ளி பள்ளியாக இருக்கிறது."

குமிழி குனிந்து பார்த்தாள். அவள் இரண்டு காலில்தான் நின்றிருந்தாள். அப்படியானால் ஓர் ஆள் குறைகிறது. எப்போதும் பக்கத்தில் நிற்கும் நீர்க்கோழிக் குஞ்சு சொக்கியைக் காணோம்.

"ஐயா, சொக்கி வரவில்லை."

"கணக்குச் சரியாக இருக்கும்போது ஆள் எப்படிக் குறையும்?"

"நான் இரண்டு காலில் நிற்கிறேன், ஐயா."

"அதற்குத் தண்டனை பிறகு. இப்போது வாயை மூடு."

அப்போது நாணல் பக்கம் ஒரு கீச்சுக் குரல் கேட்டது. எல்லாக் குஞ்சுகளுக்கும் கேட்டது. ஒன்றும் அசையவில்லை.

குமிழி தண்ணீரில் பாய்ந்து மூழ்கினாள். நாணலடியில் கிழிந்த மீன்வலை. அதில் சொக்கியின் கால்கள் சிக்கியிருந்தன. மூக்கு மட்டும் நீருக்கு மேலே தெரிந்தது. குமிழி மூச்சடக்கி, கண்ணி கண்ணியாக இழுத்துத் தளர்த்தினாள். மூன்றாம் முறை மூழ்கியபோது பக்கத்தில் இன்னோர் அலகும் வலையை இழுத்தது. கொக்குக் குஞ்சு!

இருவருமாகச் சொக்கியைக் கரையேற்றினார்கள்.

"வரிசையைக் கலைத்தது யார்?" என்று அதட்டினார் நெடுங்காலர்.

சொக்கி இருமிக்கொண்டே கேட்டாள்: "ஐயா, நான் இல்லாதது உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

நெடுங்காலர் மீண்டும் எண்ணத் தொடங்கினார். குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டுத் தத்தம் தாயைத் தேடிப் போயின.

எல்லாரையும் ஒரே மாதிரி நிற்கவைத்து எண்ணுகிறவருக்கு, யார் காணாமல் போனார் என்பது ஒருநாளும் தெரியாது.