ஷில்லாங்கில் வெயில்

மலைமேல் இருந்த அந்த ஆசிரமத்தில் குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபத்திரண்டு.

குருவை எல்லோரும் அம்மா என்றார்கள். குருவோ இந்தச் சீடரை மட்டும் 'சார்' என்றார். சாத்தப்பன் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் எண்ணூறு பேரை மேய்த்துவிட்டு ரிட்டயர் ஆனவர். போனையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்தார். மேய்ச்சலை மட்டும் விட முடியவில்லை. சார், சார் என்று கூப்பிட்டே அதைத் தேய்த்துவிடலாம் என்று அம்மா நினைத்தாரோ என்னவோ.

ஐப்பசி மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அம்மா கொசுவலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். சாத்தப்பன் இரண்டு டேப்லெட்டுகளோடு வந்து எதிரே உட்கார்ந்தார். கறுப்பு, அவருடைய சொந்த டேப்லெட். வெள்ளை, பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு பக்தர் போன வாரம் கொடுத்தனுப்பியது. எது நல்லது என்று சொன்னால் அதிலேயே பத்து வாங்கித் தருகிறாராம்.

"பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கேன் அம்மா."

"பத்து டேப்லெட்டுக்குப் பன்னிரண்டு பக்கமா?"

"சுருக்கமாத்தான் எழுதினேன்."

"வாயால சொல்லுங்க சார். எனக்கு இருட்டுறதுக்குள்ள வலை முடியணும்."

சாத்தப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். மீட்டிங் பழக்கம்.

"ரெண்டிலும் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஆப் திறக்கலாம். மேலேயிருந்து இழுத்தா வெளிச்சம், சத்தம் எல்லாம் வரும். கறுப்பில் பின்னால போகணும்னா ஓரத்தை ஒரு தள்ளு, போதும். வெள்ளையில் அதுக்கு ஒவ்வொரு ஆப்பிலும் ஒவ்வொரு இடம் தேடணும். ஆனா வெள்ளை திணறாது, வெண்ணெய் மாதிரி ஓடும். இதெல்லாம் சில்லறை. நிஜமான வித்தியாசம் முகப்புத் திரையில்தான் இருக்கு."

வெள்ளையை முதலில் காட்டினார். திரையில் ஐகான்கள் வரிசையாக நின்றன.

"பார்த்தீங்களா? ரேஷன் கடை க்யூ. எதைத் தெரிஞ்சுக்கணும்னாலும் தொட்டுத் திறக்கணும். இதிலயும் விட்ஜெட் வைக்கலாம்தான். ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்காகக் காலியா விட்டிருக்கேன். இன்னொரு தொல்லை, ஐகான் தலையில் சிவப்பு வட்டம் போட்டு எண் காட்டும். குழந்தை முந்தானையைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி."

"இப்ப என்ன எண் காட்டுது?"

"மெசேஜ்ல ஒன்பது. இதிலயும் என் அக்கவுண்டைத்தான் போட்டிருக்கேன். விளம்பரமா இருக்கும். வீடு வேணுமா, கடன் வேணுமான்னு."

"ம்."

"இப்ப இதைப் பாருங்க." கறுப்பை எடுத்தபோதே அவர் முகம் மாறிவிட்டது. "இதுதான் விட்ஜெட். உள்ளே இருக்கிறது திறக்காமலே வெளியே தெரியும். இது காலண்டர். இது பேட்டரி. வேணுங்கிற அளவுக்கு இழுத்துப் பெருசாக்கிக்கலாம். இது போட்டோ."

பட்டமளிப்பு அங்கியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், பாதித் திரையை அடைத்துக்கொண்டு, ஒரு மஞ்சள் சூரியன்.

"என் மகள் உமையாள். பேங்க்ல இருக்கா. இது அவ ஊரு, ஷில்லாங். பத்தொன்பது டிகிரி, வெயில். தினமும் காலையில் கண்ணு முழிச்சதும் இதைத்தான் பார்க்கிறேன்."

"தொட்டா திறக்குமா?"

"திறக்கும். எதுக்கும்மா தொடணும்? அதான் தெரியுதே."

"எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை புதுசாகும்?"

"அரை மணிக்கு ஒரு தடவை."

"ஊரும் மாறுமா?"

"அது நாம வச்சதுதான். நாம மாத்தினாத்தான் மாறும்."

அம்மா நூலை இழுத்து முடிச்சுப் போட்டார். "இதுல மெசேஜ் எங்கே?"

"நாலாவது பக்கத்துக்குத் தள்ளிட்டேன். சத்தத்தையும் அணைச்சாச்சு. தியானத்துக்கு இடைஞ்சல். அதோட முதல் பக்கத்துல மகளுக்கு இடம் வேணுமே."

ஊசி நின்றது.

"மகளுக்கு இடம் வேணும்னு மெசேஜைத் தள்ளிட்டீங்க."

"ஆமாம்மா."

அம்மா அவரைப் பார்த்தார். ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவர் மாதிரி இருந்தது அந்தப் பார்வை. சாத்தப்பன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

"இப்ப நீங்க சொல்லணும். முகப்பில் விட்ஜெட் இருக்கிறது உபயோகமா, இல்லையா? அதைப் பொறுத்துத்தான் கறுப்பா வெள்ளையான்னு முடிவு பண்ணணும்."

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நாளைக்குப் பந்தியில் நலம் சொல்லுங்க. அப்புறம் சொல்றேன்."

நலம் சொல்வது அந்த ஆசிரமத்து வழக்கம். காலைப் பந்தியில் முதல் கவளம் எடுக்கும் முன், வெளியே விட்டுவந்தவர்களில் ஒருவருடைய நலத்தை ஒவ்வொருவரும் சொல்லியாக வேண்டும். சொல்லாதவர் இலையில் கை வைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னொன்றும் உண்டு. அன்றைக்குப் பரிமாறுவது, மலையேறி வரும் விருந்தினர்கள்.

ஞாயிறு விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. கூடத்துத் தகரக் கூரையில் அது போட்ட சத்தத்தில், பக்கத்தில் இருப்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. இலைகள் விழுந்தன. பொங்கல் வாளிகள் வந்தன.

சாத்தப்பனுக்குப் பக்கத்தில் புஷ்பவல்லி. சமையல்கட்டைப் பார்த்துக்கொள்கிறவள்.

"என் நாத்தனார் நலம்," என்றாள் அவள். "நேத்து போன்ல அரை மணி நேரம் என்னைத் திட்டினா. நடுவில் ஒரு தடவைகூட மூச்சு வாங்கலை. ஆஸ்துமா நல்லாத் தேவலை."

பந்தி சிரித்தது. அம்மாவும் சிரித்தார்.

அடுத்தது சாத்தப்பன். கறுப்பு டேப்லெட் மடியில் இருந்தது. குனிந்து பார்த்துச் சொன்னார்.

"என் மகள் உமையாள் நலம். ஷில்லாங்கில் இன்று வெயில். பதினேழு டிகிரி. காற்று மிதம்."

அவர் இலைக்கு மேலே வந்த கரண்டி அப்படியே நின்றது.

நனைந்த முந்தானையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இலையில் அல்ல, திரையில். சரியாகச் சூரியன் மேல்.

"பார்த்தும்மா, தண்ணி," என்றார் சாத்தப்பன். கட்டைவிரலால் துடைத்தார். தலை நிமிரவில்லை.

பொங்கல் விழுந்தது.

"போதும்."

இன்னொரு கரண்டி விழுந்தது.

"போதும்னேனே."

இலைக்குக் குறுக்கே கையை நீட்டினார். கரண்டி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு நகர்ந்தது.

புஷ்பவல்லி நிமிர்ந்து பரிமாறிய பெண்ணைப் பார்த்தாள். சாத்தப்பன் மடியில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். மறுபடியும் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். வாய்க்குப் போன கவளம் பாதி வழியில் நின்றுவிட்டது. "ஐயோ" என்று ஆரம்பித்தவளை எதிர் வரிசையிலிருந்து அம்மாவின் கண் தடுத்தது.

சாத்தப்பன் திருப்தியாகச் சாப்பிட்டார். பொங்கலில் மிளகு தூக்கல் என்று புஷ்பவல்லியிடம் குறையும் சொன்னார். அவள் சண்டைக்கு வராமல் தலையை மட்டும் ஆட்டினாள். அதற்கே அவர் கொஞ்சம் ஆச்சரியப்பட்டிருக்கலாம்.

கை கழுவிக்கொண்டு நேரே அம்மாவின் அறைக்கு வந்தார். இரண்டு டேப்லெட்டுகளும் கையில்.

"அம்மா, பதில் சொல்றேன்னீங்க."

"உட்காருங்க சார்."

அம்மா துண்டில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "இதுக்குள்ள என்னன்னு சொல்லுங்க."

சாத்தப்பன் துண்டை விலக்கினார். "எவர்சில்வர் டப்பா. மூடியிருக்கே, எப்படித் தெரியும்?"

"ஏன், விட்ஜெட் இல்லையா இதுல?"

சாத்தப்பன் சிரித்தார். சிரித்துக்கொண்டே டப்பாவைத் திருப்பினார். மூடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. சா. உமையாள்.

சிரிப்பு நின்றது.

"இது என் மகளுக்குச் சீரில் கொடுத்தது. நான்தான் பாத்திரக் கடையில் நின்னு பேர் வெட்டினேன். இது எப்படி இங்கே?"

"திறங்க."

திறந்தார். வெள்ளைப் பணியாரம். ஓரத்தில் வாழையிலைத் துண்டில் மிளகாய்த் துவையல்.

"தொட்டுப் பாருங்க."

தொட்டார். விரலில் வெதுவெதுப்பு ஏறியது.

"ஷில்லாங்கிலிருந்து இங்கே எத்தனை நாள் சார்?"

"ரயிலில்… மூணு நாளுக்கு மேல ஆகும்."

"பணியாரம் இன்னும் ஆறலையே."

சாத்தப்பன் டப்பாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். எண்ணூறு பேர் முன்னால் பேசியவர் மெதுவாகக் கேட்டார்.

"அவ வந்தாளா?"

"ஏழரை மணி பஸ்ல. தொப்பலா நனைஞ்சு வந்தா."

"என்னை ஏன் கூப்பிடலை?"

"எதுக்குக் கூப்பிடணும்? ஞாயித்துக்கிழமை வர்றவங்க பரிமாறணும். நீயே போய் உங்க அப்பச்சிக்குப் போடும்மான்னேன். போட்டா."

சாத்தப்பன் தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"அந்தத் தண்ணி…"

"ரெண்டு தடவை போதும்னீங்க. மூணாவதா போட அவளுக்குத் தெம்பில்லை."

வெளியே மழை ஒரு சீராக அடித்துக்கொண்டிருந்தது. அம்மா வெள்ளை டேப்லெட்டை அவர் பக்கம் தள்ளினார். சிவப்பு வட்டத்தில் இப்போது பத்து.

சாத்தப்பன் தொட்டார். முதல் தடவை விரல் தவறி வேறு எதையோ திறந்தது. மறுபடி தொட்டார்.

'அப்பச்சி, டிரான்ஸ்பர் வந்திருச்சு. உங்க மலைக்குக் கீழேயே பேங்க். ராத்திரி மேலே பார்த்தா உங்க ஆசிரமத்து விளக்கு தெரியுது.'

மேலே தேதி இருந்தது. ஆடி மாதத்துத் தேதி.

'வீடு பார்த்தாச்சு. ரெண்டு ரூம். ஒண்ணு உங்களுக்கு, எப்பவாவது வந்தா.'

'படிக்கிறீங்களா அப்பச்சி?'

'நீங்க கூப்பிடாம மேலே வரக் கூடாதுன்னு இருக்கேன். கூப்பிடுவீங்கதானே?'

விரலால் தள்ளிக்கொண்டே போனார். எதுவும் விளம்பரம் இல்லை.

'ஞாயித்துக்கிழமை நானே வர்றேன். பணியாரம் கொண்டுவரேன்.'

கடைசியாக ஒன்று. பத்து நிமிடங்களுக்கு முன்னால் வந்தது.

'உங்களைப் பார்த்துட்டேன். ஷில்லாங்ல இருக்கிற உமையாளை நல்லாப் பார்த்துக்குங்க.'

சாத்தப்பன் அதை இரண்டு தடவை படித்தார். மூன்றாம் தடவை படிக்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒன்றும் தெரியாது. அப்படியும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு மாசம்," என்றார். "மூணு மாசமா தினமும் நலம் சொன்னேனே அம்மா."

"சொன்னீங்க. நாங்களும் கேட்டுட்டுச் சாப்பிட்டோம்."

அம்மாவின் குரலில் அப்போது கிண்டல் இல்லை.

சாத்தப்பன் சட்டென்று எழுந்தார். எழுந்த வேகத்தில் கண்ணாடி கீழே விழுந்தது. தடவி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"போயிட்டாளா?"

"கீழே போற பஸ் ஒன்பதேகாலுக்கு. முதல் வளைவில் நிற்கும்."

"மணி என்ன இப்ப?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், கறுப்பு டேப்லெட்டை எடுத்தார். ஒன்பது ஐந்து. கடிகாரத்துக்குப் பக்கத்தில் பட்டமளிப்பு அங்கியில் உமையாள் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பக்கத்தில் மஞ்சள் சூரியன், துடைத்த ஈரம் காய்ந்த கறையோடு, பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது.

வாசல் வரை போனார். அங்கேயும் கண் திரையில்தான் இருந்தது.

"மழை விட்டிருச்சா அம்மா?"

அம்மா வந்து, அவர் கையிலிருந்து டேப்லெட்டை உருவி, தைத்து முடித்த கொசுவலையின் மேல் கவிழ்த்து வைத்தார். பணியார டப்பாவை எடுத்து அந்தக் கையில் கொடுத்தார்.

"நனைஞ்சிட்டு வந்து சொல்லுங்க, சார்."