லிஃப்ட்டுக்குள் வெளிநடப்பு இல்லை

சட்டசபை லிஃப்ட்டை இயக்குபவன் சவரியப்பன். அன்றைக்கு அமைச்சர் புயலாக வந்தார். "எதிர்க்கட்சித் தலைவர் எனக்கு முன்னாடி மேலே போனா உன் வேலை போச்சு!" பின்னாலேயே வந்த எதிர்க்கட்சித் தலைவரும் அதையேதான் சொன்னார்.

சவரியப்பனின் ஊர் ஆற்றில் வரவேண்டிய பாலத்தை என் கரையிலிருந்துதான் கட்டத் தொடங்கணும் என்று இருவருக்கும் மூன்று வருஷச் சண்டை. சவரியப்பனின் பிள்ளைகள் இன்னும் பரிசலில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

இருவரையும் ஒன்றாகவே ஏற்றிக்கொண்டான். பாதியில் ரகசியமாக லிஃப்ட்டை நிறுத்தினான்.

"ஐயா, ஆளுக்கொரு பொத்தானைச் சேர்ந்து அமுக்கிப் பிடிச்சாத்தான் நகரும்."

"இந்த ஆளோடயா?" என்று இருவரும் குதித்தார்கள். வெளிநடப்பு செய்ய வழியில்லை, வெளியேற்றக் காவலருமில்லை. வியர்வையில் சட்டை நனைந்ததும் அமுக்கினார்கள். லிஃப்ட் அசையவில்லை; "விடாம பிடிங்க ஐயா, கொஞ்ச நேரமாகும்" என்றான் சவரியப்பன். அப்படியே மூச்சுமுட்ட முகம் பார்த்து நின்றவர்கள் வேறு வழியில்லாமல் பேசினார்கள்.

"ரெண்டு கரையிலயும் ஒரே நாள்ல தொடங்கினா என்ன?" என்றார் அமைச்சர்.

"அட, ஆமாம்!" என்றார் மற்றவர்.

சவரியப்பன் லிஃப்ட்டை மேலே விட்டான். பாலத்துக்கான மசோதா அன்றே நிறைவேறியது.

மறுநாள் அமைச்சர் சீறினார். "ஒரு பொத்தானே போதுமாமே, ஏன்டா பொய் சொன்னே?"

"லிஃப்ட்டுக்கு ஒண்ணு போதுங்க ஐயா. பாலத்துக்குத்தான் ரெண்டு வேண்டியிருந்தது."