பதினொரு ஜோடி பூட்ஸ்

வரைபடத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகிற தீவு அது. ஆனாலும் உலகக் கால்பந்து சபையில் அதற்கு ஓர் ஓட்டு உண்டு. பெரிய பெரிய தேசங்களுக்கும் அதே ஓர் ஓட்டுதான். அந்த ஓட்டைக் கையில் வைத்திருந்தவன் தீவுச் சங்கத்தின் தலைவன் கிரகோரி. ஒரு காலத்தில் ரெஜினா கோச்சிடம் கோல்கீப்பராக வளர்ந்தவன்.

சபைத் தலைவர் தேர்தலுக்கு விமானம் ஏறுமுன் கோச்சைப் பார்க்க வந்தான். மைதானத்தில் பெண்கள் அணி வரிசையாகக் குனிந்து நடந்துகொண்டிருந்தது. தரையில் கிடக்கும் கூரான பவளப்பாறைத் துண்டுகளைப் பொறுக்கி எடுக்காமல் அங்கே யாரும் பந்தைத் தொடமாட்டார்கள். விழுந்தால் முழங்கால் போய்விடும். புல்தரை போடச் சபையிலிருந்து வந்த வளர்ச்சி நிதிதான் சங்கத்துக்கு ஏசி கட்டடமாகவும், கிரகோரிக்குக் காராகவும் ஆகிவிட்டதே! கேட்பதற்குத்தான் நாதியில்லை.

கோச்சும் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அவனும் பக்கத்தில் குனிந்தான்.

"கோச், சபைத் தலைவர் பதவிக்கு நிக்கிறவரு கூப்பிட்டுப் பேசினாரு. நம்ம ஓட்டை அவருக்குப் போட்டா திரும்பவும் நிதி வருமாம். சபையில எனக்கும் ஒரு பதவி உண்டாம்."

"ஆளு எப்படி?"

"திருடன்தான். ஆனா நான் வாங்கலேன்னா பக்கத்துத் தீவுக்காரன் வாங்கிட்டுப் போயிடுவான். நம்மள மாதிரி ஏழை நாடு வேற என்னதான் செய்யும்? சொல்லுங்க, இது தப்பா?"

கோச் இப்போதுதான் நிமிர்ந்தார். கேப்டன் பிலோமியைக் கைகாட்டிக் கூப்பிட்டார். வெறுங்காலோடு ஓடி வந்தாள்.

"ஏம்மா, நாளைக்கு ஃபைனல்ல நாம வேணும்னே தோத்துக் குடுத்தா எதிர் டீம்காரங்க பூட்ஸ் வாங்கித் தருவாங்களாம். என்ன சொல்றே?"

கிரகோரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிலோமி சீ என்று காறித் துப்புவாள் என்று பார்த்தால், அவள் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டைவிரலில் நகம் இல்லை.

"பதினொரு பேருக்குமா கோச்? இல்ல, எனக்கு மட்டுமா?"

"அடிப்பாவி!" கிரகோரி கத்தினான். "நாட்டோட சட்டையைப் போட்டுக்கிட்டு ஆட்டத்தை விக்கிறியா? வெக்கமா இல்ல உனக்கு?"

பிலோமி அழுதுவிட்டாள்.

"போம்மா, சும்மா கேட்டேன். நாம ஜெயிக்கத்தான் ஆடுறோம்," என்று கோச் அவளை அனுப்பிவைத்தார்.

கிரகோரிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது.

"பாத்தீங்களா கோச், அவ கேட்ட கேள்வியை!"

கோச் கையிலிருந்த கற்களை வேலியோரம் கொட்டினார்.

"பாத்தேன். நீ அதைக்கூடக் கேக்கலையே, கிரகோரி."