நீரேந்திக்குப் பேர் வைத்த கதை

ஒரு காலத்திலே, மேகம் வாசற்படி வரைக்கும் வந்து போகிற மலைநாடு ஒன்றை மகுடவர்மன் என்கிற ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், கோபம் வந்தால் மட்டும் கண்மண் தெரியாது!

அந்த நாட்டில் செடிகளுக்கு அரண்மனையில்தான் பேர் வைப்பார்கள். பிள்ளைக்குப் பேர் வைக்கிற மாதிரியே ராஜா குனிந்து, செடியிடம் ரகசியமாய்ச் சொல்லவேண்டும். அன்றைக்கு வந்தது ஆளுயரச் செடி. அதன் காய்ந்த முள்தலையால்தான் நெசவுக்காரர்கள் கம்பளியை வாரி மெத்தென்று ஆக்குவார்கள்.

"உங்கள் பேரையே வைப்போம் பிரபு!" என்று குழைந்தார் ஆஸ்தான வித்துவான் பூதலிங்கம். ராஜா பூரித்து, அதன் பூத்த முள்தலைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். "மகுட..." என்று வாய் திறந்ததுதான் தாமதம், நறுக்கென்று கன்னத்தில் குத்திவிட்டது!

"ஐயோ! என்ன இனம் இது?"

வித்துவானுக்கு வியர்த்துவிட்டது. "முள் இருக்கிறதே பிரபு, சந்தேகமென்ன? வயலைப் பாழாக்குகிற, நாட்டுக்கு ஆகாத முட்செடி இனம்! அமைச்சர் இளவெயினிதான் இதை உள்ளே விட்டார்!"

"ஒன்று விடாமல் பிடுங்கி எரியுங்கள்! அமைச்சரே, உம் பதவியும் போச்சு!"

இளவெயினி செடியைப் பார்த்தாள். பதவி போனால் போகட்டும். நெசவுக்காரர்கள் பிழைப்பு என்னாவது? "கொஞ்சம் பொறுங்கள் பிரபு" என்று வெளியே ஓடினாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் வயலோரத்து முட்செடியின் பூ, மறுகையில் கயிறு, கயிற்றில் கிழட்டு வெள்ளாட்டுக் கிடாய்! சபை கொல்லென்று சிரித்தது.

"வித்துவானே, முள் இருந்தால் முட்செடி இனம். தாடி இருந்தால்?"

கிடாய்க்குத் தாடி. வித்துவானுக்கும் தாடி. ராஜாவின் கை தன் தாடிக்குப் போனது.

"நல்லவேளை, எனக்கு இல்லை. நீங்கள் மூவரும் ஒரே குடும்பம்!" என்றாள் இளவெயினி.

ராஜா முறைத்தான். "பின்னே எதை வைத்து இனம் பார்ப்பதாம்?"

"பூவைப் பிரித்துப் பாருங்கள். முட்செடிப் பூவில் மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயாய் இருக்கும். இந்தப் புதுச் செடியின் பூவில் நாலு பையும் தனித்தனி!"

ராஜா இரண்டையும் பிரித்துப் பார்த்தான். "அட, ஆமாம்! வித்துவானே, வந்து பாரும்!"

"இலைகளையும் பாருங்கள். ஜோடி ஜோடியாய்த் தண்டோடு சேர்ந்து, மழைத்தண்ணீரைக் கிண்ணம்போல் ஏந்தியிருக்கின்றன."

ராஜா அதில் விரலை நனைத்துக் கன்னத்தில் வைத்தான். "அப்பாடா, ஜில்லென்று இருக்கிறது! நீரேந்தி! அதுதான் பேர்!" இந்தத் தடவை ஒரு முழம் தள்ளி நின்றே சொன்னான்.

இளவெயினிக்குப் பதவியும் திரும்பியது, ராஜாவின் முத்துமாலையும் கிடைத்தது. நழுவப் பார்த்த வித்துவானை ராஜா நிறுத்தினான்.

"உம் உறவினரை வீட்டுக்குக் கூட்டிப்போய், நீரேந்தியால் தினமும் தாடி வாரிவிடும்!"

"யாருக்குப் பிரபு?"

"முதலில் அவருக்கு. வயதில் பெரியவர் அல்லவா!"