தர்மாஸ்பத்திரிச் சம்பளம்

டாக்டர் ஞானசிகாமணி சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும். எந்தப் பாதியை என்பதுதான் அவரிடம் படித்த ஒருவருக்கும் இன்றுவரை பிடிபடவில்லை.

செண்பகவல்லிக்கும் பிடிபடவில்லை. அவளே இப்போது ஐம்பதைத் தாண்டிய டாக்டர், ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்குத் தலைமை. ஆனாலும் மனசு முட்டிக்கொண்டால் பஸ் ஏறிப் பாளையங்கோட்டையில் அவர் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

அன்று காலை அவர் கிழிந்த தலையணைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். அத்தனையும் ஆபரேஷன் முடிச்சு. வாழைப்பழத் தோலை வைத்து அவளுக்குத் தையல் பழக்கிய விரல்கள் அவை. தோல் பிய்ந்தால், "பேஷன்ட் போயிட்டார், அடுத்தவரைக் கூப்பிடு" என்று பழத்தைத் தானே தின்றுவிடுவார். ஒரே வாரத்தில் இரண்டு சீப்பு நோயாளிகளை அவள் காவு கொடுத்திருக்கிறாள். அந்த நாளில் சம்பளம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு முதல் தேதியன்றுதான் ஞாபகம் வரும்.

வந்த விஷயத்தைச் சொன்னாள். சம்பள உயர்வு கேட்டு அரசு டாக்டர்கள் எல்லாரும் கருப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை பார்ப்பதாக சங்கத்தில் முடிவு. அவள் ஆஸ்பத்திரியில் முதல் பேட்ஜை அவள்தான் குத்தினாள். முதலில் வந்த சர்க்கரை வியாதிக்காரர் அதைப் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுல யாரும்மா தவறுனது?"

தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிட்டாள். அவர் வெளியே போய் வரிசையில் சொல்ல, உச்சிவேளைக்குள் பதினோரு பேர் துக்கம் விசாரித்தார்கள். ஒரு அம்மாள் தன் முட்டிவலியை மறந்துவிட்டு ஒப்பாரிக்கே வாயெடுத்தாள். செண்பகவல்லி பேட்ஜைக் கழற்றி மேஜைக்குள் போட்டாள். அதைப் பார்த்து மற்ற டாக்டர்களும் கழற்றினார்கள். இரண்டு பேர் அதோடு அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். நாளைக்கு சங்கத்துக்காரர்கள் வருகிறார்கள். குத்துகிறாளா இல்லையா என்று அவள் சொல்லியாக வேண்டும்.

"சம்பளத்துக்குத்தான்னு அந்த ஆள்ட்ட சொல்லியிருக்கலாமே" என்றார், நூலைப் பல்லால் கடித்தபடி.

"எப்படி சார் சொல்ல? அவங்களுக்கு அது இன்னமும் தர்மாஸ்பத்திரி. தர்மாஸ்பத்திரி டாக்டர் சம்பளம் பத்தலைன்னு நின்னா, அப்புறம் அந்தக் கையைப் பிடிப்பாங்களா?"

அவர் ஊசியை நிறுத்தினார்.

"நீங்களே சொல்லுங்க சார். நமக்குக் குடுக்கற சம்பளம் நியாயமா, இல்லையா?"

"நம்ம கேஸுக்கு நாமளே தீர்ப்புச் சொல்லக்கூடாதும்மா. ஆனா இதை விசாரிச்ச ஒரு கோர்ட்டு இருந்துச்சு. மயிலாடுங்காட்டுல."

மயிலாடுங்காடு அவருடைய முதல் வேலை. மலைமேல் நாலு கட்டில் ஆஸ்பத்திரி. தர்மாஸ்பத்திரி என்று பேர் இருந்ததால் டாக்டரும் தர்மத்துக்குத்தான் வந்திருக்கிறார் என்று ஊரே நம்பிவிட்டதாம். பாவம் பிள்ளை, என்று வீட்டுக்கு ஒரு நாள் முறைவைத்து மதியச் சோறு கொண்டுவந்தார்களாம். ஒரு வீட்டார் சுமந்துவந்த பலாப்பழத்தை வைக்க இடமில்லாமல் மூன்றாம் கட்டிலில் கிடத்திப் போர்வை போர்த்தியிருந்தாராம். ஆய்வுக்கு வந்த அதிகாரி, "வயிறு ரொம்ப வீங்கியிருக்கே, எப்ப ஆபரேஷன்?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம்.

செண்பகவல்லி சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து அப்போதுதான்.

"சிரிக்காத. என் பிழைப்பு போக இருந்துச்சு."

ஒருநாள் ஜில்லா ஆபீஸ் பியூன் மலையேறி வந்து, புறநோயாளிகள் வரிசைக்கு நடுவில் நின்று, சம்பளம் என்று சத்தமாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டார். சாயங்காலமே ஊர்க்கூட்டம். நடுவில் இவரை நிறுத்தினார்கள். ஊர்த் தலைவர் சுடலையாண்டி, எங்க சோத்தையும் தின்னுக்கிட்டு அரசாங்கத்துச் சம்பளமும் வாங்குதீரா என்று கேட்டார்.

"என்ன சார் சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? தலையைத் தொங்கப் போட்டேன். இன்னையோட இந்த ஊர்ல மரியாதை போச்சுன்னு நெனச்சேன். நீ நெனச்ச மாதிரியேதான்."

அவள் நூல்கண்டை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அப்புறம் எவ்வளவுன்னு கேட்டாவ. சொன்னேன். பேச்சியம்மான்னு ஒருத்தி, நான்தான் பிரசவம் பாத்தேன், பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு, அது ஒரு நாளைக்காய்யான்னு கேட்டா. இல்லம்மா, மாசத்துக்குன்னேன்."

"உம்."

"கூட்டத்துல ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாவ. அப்புறம், நீரு போம்யா, நாங்க பேசிக்கிடுதோம்னு சுடலையாண்டி அனுப்பி வச்சிட்டாரு."

தலையணையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைத் தைக்க ஆரம்பித்தார். அவள் பொறுத்துப் பார்த்தாள்.

"சோத்தை நிறுத்திட்டாங்களா சார்?"

"எங்க நிறுத்துனாவ? மறுநாள்லேருந்து ராத்திரிக்கும் வர ஆரம்பிச்சிருச்சு."