குருவலிங்கம் பட்டி பார்த்த கதை

கோணப்பட்டிக்காரர்களுக்கு அறிவு இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருக்கிறது. அதைச் செலவழிக்கத்தான் மனசு வராது. அந்த ஊர்க் குருவலிங்கத்துக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. மாமியார் வந்து தங்கப்போகிறார்.

வீட்டில் இருப்பதோ ஒரு கூடம், ஒரு அடுப்படி. அவன் மனைவி முத்துப்பேச்சி, மேஸ்திரியை வைத்துக் கூடத்தின் நடுவே ஜிப்சம் பலகையில் தடுப்புச் சுவர் எழுப்பி, போய்வர ஒரு வாசலும் விடச் செய்திருந்தாள். பூச்சு வேலைதான் பாக்கி.

"நான் போயி அம்மாவைக் கூட்டிட்டு வாரேன். அதுக்குள்ள சுவரு மொழுமொழுன்னு இருக்கணும். இல்லேன்னா அம்மாவுக்கு உங்க கட்டிலு, உங்களுக்கு ஆட்டுக் கொட்டகை" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

குருவலிங்கத்துக்கு ஆடுகளைக் கண்டால் ஆகாது. ஆடுகளுக்கும் அவனைக் கண்டால் ஆகாது. ஓடிப்போய்க் கூட்டாளிகள் ஒண்டிவீரனையும் சந்தனக்குமாரையும் கூட்டிவந்தான். மேஸ்திரி வெளியூர்க் கல்யாணத்தில் இருந்தார். போனில் கேட்டார்கள்.

"தூசியைத் தட்டிட்டுப் பட்டி பாருங்கப்பா. ரெண்டு தடவை பாக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"எந்தப் பட்டி மாப்ளே? நம்ம கோணப்பட்டியா?" என்று கேட்டான் ஒண்டிவீரன்.

"அதைத்தான் பொறந்ததுலேருந்து பாக்குறோமே. இந்தா, மூட்டையில பட்டின்னு போட்டிருக்கு பாரு" என்றான் சந்தனக்குமார்.

மூட்டையைக் கூடத்தின் நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். மத்தியானம் வரைக்கும் பார்த்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து இரண்டாம் தடவையும் பார்த்தார்கள். ஒண்டிவீரனுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"சிமிட்டாதடா, அந்த எடம் விட்டுப்போயிரும்" என்று அதட்டினான் குருவலிங்கம். பிறகு பெருமையாக மேஸ்திரிக்குப் போன் போட்டான். "பாத்தாச்சு மேஸ்திரி. நல்ல மூட்டை."

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனிலேயே கேட்டது. "பாக்குறதுன்னா பூசுறதுடா! தண்ணி ஊத்திக் கலக்கி, தகட்டால இழுத்துப் பூசுங்க. காஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க. அப்புறம் இன்னொரு தடவை பூசுங்க. ஓட்டைன்னு ஒண்ணு கண்ணுல படக் கூடாது!"

பூசினார்கள். சுவர் மேல் பாதி, அவர்கள் மேல் பாதி. காய்ந்ததும் உப்பு விவகாரம் எழுந்தது.

"கல்லுப்பா, தூளுப்பா?"

"தாள்ல வச்சுத் தேய்க்கணுமாம். தூளுப்புத்தான் சரி."

"தூளுப்பு கறிக்கு. சுவத்துக்குக் கல்லுப்புதான்."

குருவலிங்கம் தீர யோசித்துத் தீர்ப்புச் சொன்னான். "எதையோ போடுங்க. ஆனா அளவாப் போடுங்க. அத்தைக்கு ரத்தக்கொதிப்பு."

பழைய பேப்பரில் கல்லுப்பைக் கொட்டித் தேய்த்தார்கள். சுவர் பூனை பிறாண்டியதுபோல் ஆயிற்று. குருவலிங்கம் நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அந்த நேரம், உப்பு வாசனைக்கு ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே வந்து சுவரை நக்க ஆரம்பித்தன. நக்கிய இடமெல்லாம் மொழுமொழுவென்று ஆனது. வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்கு ஆடுகள் மேல் பாசம் வந்தது.

இரண்டாம் தடவை பூசும்போது குருவலிங்கம் திடுக்கிட்டு நின்றான்.

"ஓட்டை கண்ணுல படக் கூடாதுன்னாரே! இங்க பாருங்கடா, ஆள் உசரத்துக்கு ஒண்ணு!" என்று வாசலைக் காட்டினான்.

"இம்புட்டு நேரம் இதுக்குள்ளதானே போயிட்டு வந்தோம். கவனிக்கவே இல்லையே" என்று வருத்தப்பட்டான் ஒண்டிவீரன்.

"எந்தப் பக்கம் நின்னு அடைக்க?"

"அத்தை படுக்குற பக்கம்தான் அழகா இருக்கணும்."

மூவரும் உள்ளே போனார்கள். மிஞ்சிக் கிடந்த பலகையால் வாசலை அடைத்து, சந்து பொந்து இல்லாமல் பூசி முடித்தார்கள். பூசி முடித்த நேரத்தில் வெளியே முத்துப்பேச்சியின் குரல் கேட்டது.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"வந்துட்டியா? அத்தை, வாங்க வாங்க! ரூமு ரெடி!"

"வாசல் எங்கங்க?"

"ஓட்டையெல்லாம் அடைச்சாச்சு."

"அப்ப நீங்க எப்படி வெளிய வருவீங்க?"

உள்ளே மூவரும் சுவரை மூலைக்கு மூலை தடவிப் பார்த்தார்கள். கடைசியில் சந்தனக்குமார் மெல்லச் சொன்னான். "நமக்கு ஒண்ணும் இல்ல மாப்ளே. பாவம், அவங்க ரெண்டு பேருந்தான் வெளிய மாட்டிக்கிட்டாங்க."

மாமியார் அடுப்படிக்குப் போய் அம்மிக் குழவியைத் தூக்கி வந்து ஒரே போடு போட்டார். பலகை பிளந்தது. மூவரும் வெள்ளை வெளேரென்று தவழ்ந்து வெளியே வந்தார்கள். குருவலிங்கம் சுவரைத் திரும்பிப் பார்த்தான். பதறிப்போய்ப் போனை எடுத்தான்.

"மேஸ்திரி! சுவத்துல பெரிய ஓட்டை விழுந்துருச்சு!"

"அதுக்கு ஏன் அலறுறே? உள்பக்கம் ஒரு பலகையைக் குடுத்து அடைச்சு, மறுபடி பட்டி பாருங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். ஒண்டிவீரன் பலகையை எடுத்தான், சந்தனக்குமார் பட்டி வாளியை எடுத்தான். இருவரும் ஓட்டைக்குள் நுழைந்தார்கள். கடைசியாக நுழைந்த குருவலிங்கம் தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

"அத்தை, குழவியக் கீழ வச்சிராதீங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல கூப்பிடுவோம்."